ஒரு குடும்ப செடானின் விலைப் பேரம்: தள்ளுபடி யார் கைக்குப் போனது?

கார் ஒன்றுதான், வேரியன்ட் ஒன்றுதான், வாங்கிய குடும்பமும் ஒன்றுதான். ஆனால் அவர்களுக்கு வந்த முதல் கொட்டேஷனுக்கும் கடைசியாகப் பணம் கட்டிய பில்லுக்கும் நடுவே, காரின் பட்டியல் விலையில் 11 சதவீதம் வித்தியாசம் இருந்தது. இரண்டிலும் கம்பெனி தள்ளுபடி ஒரே தொகை. ஷோரூம் கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த அந்தத் தள்ளுபடிக்கு இந்த 11-இல் எந்தப் பங்கும் இல்லை. மிச்சமான பணம் முழுவதும் ஷோரூமில் யாரும் எடுத்துச் சொல்லாத இடங்களிலிருந்து வந்தது. அந்த இடங்கள் எவை, அங்கே பேரம் எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே விவரமாக எழுதுகிறேன்.

குடும்பத்தார் தங்கள் கொட்டேஷன்களையும், டீலர்களோடு பரிமாறிக்கொண்ட செய்திகளையும் என்னோடு பகிர்ந்துகொண்டார்கள். பெயர், ஊர், பிராண்ட் எல்லாவற்றையும் விட்டுவிட்டேன். எந்த நாட்டில் படித்தாலும் கணக்கு புரியவேண்டும் என்பதற்காக, காரின் பட்டியல் விலையை 100 என்று வைத்துக்கொள்கிறேன். மற்ற எல்லாத் தொகைகளும் அந்த நூற்றில் இத்தனை பங்கு என்றுதான் வரும். வரி, பதிவுக் கட்டணம் இரண்டையும் கணக்கில் சேர்க்கவில்லை. அவை பேரத்துக்கு வராதவை.

கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், கணவரின் அம்மா. கையில் ஒன்பது வருடப் பழைய சின்ன கார். பின் இருக்கையில் மூன்று பேர் நெருக்கமில்லாமல் உட்காரவேண்டும், பெட்டிகளுக்கு டிக்கியில் இடம் வேண்டும் என்று செடானை முடிவு செய்தார்கள். புதிய காரும் பழைய காரின் கம்பெனிதான். இந்த விவரம் பின்னால் பணமாக மாறியது. பேரத்தை முன்னின்று நடத்தியவர் மனைவி. தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் வேலை பார்ப்பவர் என்பதால், கொட்டேஷனை வரி வரியாகப் படிப்பது அவருக்குப் பழக்கம்.

முதல் கொட்டேஷன்

முதலில் போன டீலரை 'அ' என்று வைத்துக்கொள்வோம். டெஸ்ட் டிரைவ் நன்றாக இருந்தது, விற்பனையாளரும் மரியாதையாகப் பேசினார். அச்சிட்டுக் கொடுத்த தாளில் விலை 100. அதிலிருந்து "சிறப்புத் தள்ளுபடி" என்று 4 கழிந்தது. அதன் கீழே ஆக்சசரீஸ் பேக்கேஜ் 2.5, பெயின்ட் பாதுகாப்புப் பூச்சு 1.2, ஹேண்ட்லிங் கட்டணம் 0.8. இந்த மூன்றும் சேர்ந்து 4.5. ஆக, தள்ளுபடி போன பிறகும் காரின் விலை 100.5. பழைய காருக்கு 14 தருவதாகச் சொன்னார்கள். கையிலிருந்து கட்டவேண்டியது 86.5.

தள்ளுபடி அறிவித்த காருக்குப் பட்டியல் விலையைவிட 0.5 அதிகம் கொடுக்கச் சொல்கிறது இந்தத் தாள். ஆனால் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது அது கண்ணில் படுவதில்லை. "நாலு தள்ளுபடி, அதோட ஆக்சசரீஸ் எல்லாம் சேர்த்து" என்று வாய்மொழியாகக் கேட்கும்போது, நாலும் கிடைத்து ஆக்சசரீஸும் சேர்ந்து கிடைப்பது போலவே இருந்ததாக அந்தக் கணவர் சொன்னார். வீட்டுக்கு வந்து கூட்டிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

அந்தத் தாளில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. கழித்த 4 டீலருடைய பணம் இல்லை. கார் கம்பெனி எல்லா வாடிக்கையாளருக்கும் அறிவித்திருந்த தள்ளுபடி அது. டீலர் தன் லாபத்திலிருந்து ஒன்றும் விட்டுக்கொடுக்கவில்லை. கம்பெனியின் இணையதளத்தைப் பார்த்தபோது அதே 4 அங்கே வெளிப்படையாக இருந்தது. அதற்கடுத்த வரியில், ஏற்கனவே அந்தக் கம்பெனி கார் வைத்திருப்பவர்களுக்கு லாயல்டி போனஸாக இன்னொரு 1 என்றும் இருந்தது. பழைய கார் அதே கம்பெனியுடையது என்பது டீலருக்குத் தெரியும். வாசலில் நிறுத்தி விலையும் போட்டிருக்கிறார்கள். ஆனால் தாளில் லாயல்டி போனஸ் இல்லை.

தள்ளுபடி போகும் இரண்டு வழிகள்

காருக்குப் பணம் திருப்பித் தரும் வழக்கத்தைப் பெரிய அளவில் பரப்பியது அமெரிக்காவின் கிரைஸ்லர் கம்பெனி. எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு விற்காத கார்கள் குவிந்து கிடந்த 1975 ஜனவரியில் அது தள்ளுபடியை அறிவித்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் உடனே பின்தொடர்ந்தன. பட்டியல் விலையைக் குறைத்தால் மறுபடி ஏற்றுவது கஷ்டம். தள்ளுபடி என்றால் வேண்டும்போது கொடுத்து, வேண்டாதபோது நிறுத்திக்கொள்ளலாம். அன்றிலிருந்து கம்பெனிகளுக்கு இது பழகிப்போன கருவி.

இந்தப் பணம் இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, வாங்குபவருக்கு என்று கம்பெனி வெளிப்படையாக அறிவிப்பது. மற்றொன்று, டீலருக்கு மட்டும் சொல்லித் தருவது: இந்த மாடலை இந்த மாதம் விற்றால் காருக்கு இவ்வளவு ஊக்கத்தொகை என்று. இரண்டுக்கும் கம்பெனி செலவழிக்கும் தொகை ஒன்றாக இருக்கலாம். வாங்குபவர் கைக்கு வருவது ஒன்றாக இருக்காது.

மெகன் பஸ்ஸே, ஜோர்ஜ் சில்வா-ரிஸ்ஸோ, ஃப்ளோரியன் ஜெட்டல்மேயர் என்ற மூன்று ஆய்வாளர்கள் அமெரிக்காவில் நடந்த கார் விற்பனைகளை எடுத்து இதை அளந்தார்கள். 2006-இல் அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ இதழில் வெளியான அவர்களின் கட்டுரைப்படி, வாங்குபவருக்கு அறிவித்த தள்ளுபடியில் 70 முதல் 90 சதவீதம் அவருக்குப் போய்ச் சேர்கிறது. டீலருக்குத் தந்த ஊக்கத்தொகையில் வாங்குபவருக்கு 30 முதல் 40 சதவீதம்தான் வருகிறது. இரண்டு பக்கமும் ஒரே விவரத்தை அறிந்திருந்தால் பணம் எந்த வழியாக வந்தாலும் பங்கு ஒன்றாகவே இருந்திருக்கவேண்டும். ஆக, பணம் இருப்பது யாருக்குத் தெரிகிறதோ அவர் பக்கமே அதில் பெரும்பகுதி போகிறது.

வெளிப்படையான தள்ளுபடியிலும் 100 சதவீதம் வரவில்லை என்பதைக் கவனிக்கவேண்டும். மீதி 10 முதல் 30 எப்படிக் கரைகிறது? 'அ' டீலரின் தாளைப் பாருங்கள். கம்பெனி தள்ளுபடி இல்லாத மாதமாக இருந்தால் டீலர் தன் பங்கிலிருந்து இரண்டோ மூன்றோ குறைத்திருப்பார். தள்ளுபடி இருக்கும் மாதத்தில் அதையே தன் சலுகையாகக் காட்டிவிட்டு, தன் பங்கைக் குறைக்காமல் இருந்துவிடுகிறார். பேரம் பேசவந்தவருக்கும் ஏதோ கிடைத்துவிட்ட திருப்தி வந்துவிடுகிறது. அப்புறம் யார் மேலும் கேட்கப்போகிறார்கள்?

அந்தத் திருப்தி எவ்வளவு வலிமையானது என்பதற்கு 2005 கோடைக்காலம் ஒரு சான்று. ஜூன் மாதம் ஜெனரல் மோட்டார்ஸ், தன் ஊழியர்களுக்குத் தரும் விலையை எல்லோருக்கும் தருவதாக அறிவித்தது. ஜூலையில் ஃபோர்டும் கிரைஸ்லரும் அதையே செய்தன. விற்பனை பாய்ந்தது. பிறகு பஸ்ஸேவும் ஜெட்டல்மேயரும் டங்கன் சிமெஸ்டரோடு சேர்ந்து உண்மையான விற்பனை விலைகளை ஆராய்ந்தார்கள். பல மாடல்களில் அந்த ஊழியர் விலை, அதற்குச் சற்று முன்பு சாதாரணத் தள்ளுபடியோடு விற்ற விலையைவிடக் குறைவாக இல்லை, சிலவற்றில் அதிகமாகவே இருந்தது. ஊழியர் விலை என்ற பெயரைக் கேட்டதுமே இது நல்ல விலைதான் என்று மக்கள் நம்பினார்கள். நம் குடும்பத்தில் கணவரும் "இந்த மாதத்தோடு ஆஃபர் முடியுது" என்ற வரியைப் பார்த்து, முதல் சந்திப்பிலேயே முன்பணம் கட்டிவிடலாம் என்றுதான் நினைத்திருந்தார்.

எழுத்தில் கேட்ட விலை

மனைவி செய்த முதல் வேலை, தள்ளுபடியைப் பேரத்திலிருந்து வெளியே எடுத்தது. அதே மாடலை விற்கும் மூன்று டீலர்களுக்கு ஒரே செய்தியை அனுப்பினார். அதன் சாரம் இது: "இந்த வேரியன்ட், ஸ்டாக்கில் உள்ள எந்த நிறமானாலும் சரி. கம்பெனி தள்ளுபடி எதையும் கழிக்காமல், உங்கள் விலை எவ்வளவு? ஆக்சசரீஸ், பூச்சு, ஹேண்ட்லிங் என்று வேறு ஏதாவது இருந்தால் ஒவ்வொன்றையும் தனி வரியில் எழுதுங்கள். பழைய கார், கடன் இரண்டையும் பிறகு பேசிக்கொள்ளலாம். கம்பெனி தள்ளுபடியும் லாயல்டி போனஸும் நீங்கள் தரும் விலையிலிருந்து தனியாகக் கழியவேண்டும்."

இந்தச் செய்தியில் நான் மதிக்கும் வரி "கம்பெனி தள்ளுபடி எதையும் கழிக்காமல்" என்பது. இதைச் சொல்லிவிட்டால் கம்பெனி பணத்தைத் தன் பணமாகக் காட்ட டீலருக்கு வழி இல்லை. அவர் எழுதும் எண்ணில் பட்டியல் விலைக்குக் கீழே எவ்வளவு இருக்கிறதோ, அது மட்டும்தான் அவர் விட்டுக்கொடுத்தது. மூன்று டீலர்களையும் ஒரே அளவுகோலில் வைத்துப் பார்க்கவும் முடிகிறது.

'அ' டீலர் 99 என்று பதில் அனுப்பினார். 'ஆ' டீலரிடமிருந்து 97 வந்தது. மூன்றாவது டீலர் எழுத்தில் விலை தர மறுத்து, "மேடம், நேர்ல வாங்க, நீங்க எதிர்பார்க்காத விலை தர்றோம்" என்றார். போனார்கள். வாய்மொழியாக 94 என்றார். மூன்று விலைகளிலும் குறைந்தது அதுதான். எழுதிக் கேட்டபோது, 94 என்பது கட்டாய ஆக்சசரீஸ் பேக்கேஜோடு மட்டும் என்றும், பேக்கேஜ் 3 என்றும் தெரிந்தது. உண்மையான விலை 97. எழுத மறுக்கும் விலையில் எப்போதும் இப்படி ஒரு வால் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எழுத்தில் வராத எண்ணை மற்ற எண்ணோடு ஒப்பிடக்கூடாது.

ஷோரூமுக்கு வெளியே இருந்து விலை கேட்பதில் இன்னொரு நன்மை உண்டு, எனக்கு இது மிக முக்கியம். இயன் ஏர்ஸும் பீட்டர் சீகல்மனும் 1995-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே மாதிரி பேரம் பேசப் பயிற்சி தந்த ஆட்களைச் சிகாகோ வட்டாரத்தின் புதிய கார் டீலர்களிடம் இணை இணையாக அனுப்பினார்கள். இப்படி 300-க்கும் மேற்பட்ட சோதனைகள். வெள்ளை ஆண்களுக்குச் சொன்ன விலையைவிடப் பெண்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் டீலர்கள் அதிக விலை சொன்னார்கள். பேசிய வார்த்தைகள் ஒன்றுதான், பேசிய முகம் மட்டும் வேறு. ஆளைப் பார்த்து விலை சொல்வது அநியாயம். அதைப் பேச்சுத் திறமையால் மட்டும் வென்றுவிட முடியாது. ஆனால் ஃபியோனா ஸ்காட் மார்ட்டன், ஜெட்டல்மேயர், சில்வா-ரிஸ்ஸோ ஆகியோரின் பிந்தைய ஆய்வுகளில், ஆட்டோபைடெல் என்ற இணைய சேவை வழியாக விலை கேட்டு வாங்கியவர்கள் சராசரியாகச் சுமார் 2 சதவீதம் குறைவாகக் கொடுத்தார்கள் என்பதும், அப்படி வாங்கியவர்களிடையே இன அடிப்படையிலான விலை வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது என்பதும் தெரியவந்தது. மூன்று டீலர்களுக்கும் ஒரே கேள்வியை எழுத்தில் அனுப்புவது, குரல் உயர்த்திப் பேச விரும்பாதவர்களுக்கும் மற்றவர்களுக்குச் சமமான இடத்தைத் தருகிறது.

97-இலிருந்து 95.5 வரை

'ஆ' டீலரின் 97-ஐ மனைவி 'அ'-வுக்குச் சொன்னார். யார் என்று சொல்லாமல், "இந்த வேரியன்ட்டுக்கு எழுத்தில் 97 வந்திருக்கிறது, உங்களால் என்ன முடியும்?" என்று மட்டும் கேட்டார். 'அ' 96-க்கு இறங்கினார். அதை 'ஆ'-விடம் சொன்னபோது கொஞ்சம் தயங்கி, மறுநாள் 95.5 என்று எழுதினார்கள். ஒரு நிபந்தனை: ஸ்டாக்கில் இருக்கும் சாம்பல் நிறக் காரை அந்த மாதக் கடைசிக்குள் எடுத்துக்கொள்ளவேண்டும்.

அந்த நிபந்தனையில்தான் டீலரின் நிலைமை தெரிகிறது. பெரும்பாலான டீலர்கள் ஸ்டாக்கைக் கடன் வாங்கித்தான் வைத்திருக்கிறார்கள். கார் முற்றத்தில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வட்டி ஏறுகிறது. அந்தச் சாம்பல் நிறக் கார் வந்து மூன்று மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. தயாரித்த மாதம் சேசிஸ் எண்ணோடு சேர்த்துப் பார்த்து உறுதி செய்துகொண்டார்கள். பிள்ளைகள் ஆசைப்பட்டது சிவப்பு. அது வேண்டுமென்றால் ஆர்டர் போடவேண்டும், விலை 97-இலேயே நின்றுவிடும். நிறத்துக்கு 1.5 கொடுப்பதா என்று வீட்டில் பேசி, வேண்டாம் என்று முடிவெடுத்தார்கள். வேறொரு குடும்பம் சிவப்பையே எடுத்திருந்தாலும் அதைத் தவறு என்று சொல்லமாட்டேன். தினமும் பார்க்கப்போகும் கார். ஆனால் நிறத்தின் விலை 1.5 என்று தெரிந்து எடுக்கவேண்டும்.

முந்தைய வருடத் தயாரிப்பு ஒன்றும் 'ஆ'-விடம் இருந்தது, இன்னும் 3 குறைவு. அதை அவர்கள் தொடவில்லை. விற்கப்போகும்போது அந்தக் கார் ஒரு வயது கூடுதலாகவே கணக்கில் வரும். பத்து வருடம் வைத்து ஓட்டுபவருக்கு 3 லாபம்தான். நாலைந்து வருடத்தில் மாற்றுபவருக்கு அந்த லாபத்தில் பெரும்பகுதி மறுவிற்பனையில் திரும்பப் போய்விடும். இவர்கள் வேலை மாறுதலால் ஐந்து வருடத்தில் மாற்றவேண்டி வரலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள்.

மாதக் கடைசி பற்றிப் பலரும் சொல்வதில் பாதி உண்மைதான் இருக்கிறது. பல கம்பெனிகள் டீலருக்கு மாத டார்கெட் வைக்கின்றன. டார்கெட்டை எட்டினால் அந்த மாதம் விற்ற எல்லாக் கார்களுக்கும் சேர்த்து ஊக்கத்தொகை உண்டு. ஓர் உதாரணம். டார்கெட் 40 கார், எட்டினால் காருக்கு 0.5. நாற்பதாவது காரை விற்கும் டீலருக்கு அந்த ஒரு காரால் வருவது 20. அந்தக் காரை நஷ்டத்துக்குக் கொடுத்தாலும் அவருக்கு லாபம். ஆனால் டார்கெட்டை ஏற்கனவே தாண்டியவருக்கும், எப்படியும் எட்டமுடியாது என்று கைவிட்டவருக்கும் முப்பதாம் தேதியும் பத்தாம் தேதியும் ஒன்றுதான். எந்த டீலர் எந்த நிலையில் இருக்கிறார் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது, கேட்டாலும் சொல்லமாட்டார்கள். அதனால்தான் ஒன்றுக்கு மேற்பட்ட டீலர்களிடம் கேட்பது தேவை. விற்க அவசரமுள்ளவரின் எண் தானாகவே கீழே இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். டீலருக்கு மட்டும் தெரிந்த ஊக்கத்தொகையில் வாங்குபவருக்குப் பங்கு கிடைக்க நான் அறிந்த உருப்படியான வழி இது ஒன்றுதான்.

95.5-லிருந்து கம்பெனி தள்ளுபடி 4, லாயல்டி 1 கழிந்து 90.5. ஆக்சசரீஸில் தரை விரிப்பும் பின்பக்க சென்சாரும் மட்டும் போதும் என்று 0.5-க்கு எடுத்தார்கள். மொத்தம் 91.

பழைய கார்

'அ' சொன்ன 14 நியாயமா என்று தெரிந்துகொள்ள, பழைய கார் வாங்கும் இரண்டு இடங்களில் காட்டி எழுத்தில் விலை வாங்கினார்கள். ஒன்று 15, மற்றொன்று 15.5. புதிய கார் விலை எழுத்தில் முடிந்த பிறகே 'ஆ'-விடம் பழைய கார் பேச்சை எடுத்தார்கள். அவர் 14.5 என்றார், 15.5 தாளைக் காட்டியதும் அதே விலைக்கு ஒத்துக்கொண்டார்.

இந்த வரிசை முக்கியம். புதிய காரில் 2 குறைத்துவிட்டுப் பழைய காரில் 2 எடுத்துக்கொண்டால் டீலருக்கு ஒன்றும் போகவில்லை, ஆனால் வாங்குபவர் புதிய காரின் விலையை மட்டும் பார்த்துச் சந்தோஷப்படுவார். இரண்டையும் ஒரே மூச்சில் பேசினால் எது எங்கே போனது என்று பிரிக்கவே முடியாது. ஒன்று மட்டும் ஊருக்கு ஊர் மாறும்: பழைய காரின் மதிப்பைக் கழித்து மீதிக்கு மட்டும் வரி போடும் இடங்களில், டீலரிடமே கொடுப்பது வெளியே சற்று அதிக விலைக்கு விற்பதைவிட லாபமாக இருக்கலாம்.

கடனா, தள்ளுபடியா

கம்பெனி ஒரு தேர்வும் வைத்திருந்தது: 4 தள்ளுபடி எடுத்துக்கொள்ளலாம், அல்லது அதை விட்டுவிட்டு 4.9 சதவீத வட்டியில் கம்பெனிக் கடன் வாங்கலாம். வங்கியில் அவர்களுக்கு ஏற்கனவே ஒப்புதல் கிடைத்திருந்தது, வட்டி 9 சதவீதம், 48 மாதம். கணவருக்கு 4.9-தான் கண்ணை ஈர்த்தது. பாதிக்குப் பாதி வட்டி, யாருக்குத்தான் ஈர்க்காது?

கணக்கு வேறு சொன்னது. தள்ளுபடி எடுத்தால் வங்கியில் 36 கடன் போதும். 48 தவணைகளில் மொத்தம் கட்டுவது 43.0. தள்ளுபடியை விட்டால் கடன் 40, 4.9 சதவீதத்தில் மொத்தம் 44.1. தள்ளுபடியே மேல். கடன் தொகை பெரிதாக இருந்தால் முடிவு தலைகீழாகும். தள்ளுபடியோடு 56, தள்ளுபடி இல்லாமல் 60 என்று வைத்துப் பார்த்தால் 66.9-க்கு எதிராக 66.2 வருகிறது, குறைந்த வட்டியே மேல். இந்த வட்டி விகிதங்களில் கோடு சுமார் 52-இல் விழுகிறது. தள்ளுபடி எடுக்காதபோது கடன் அதற்குக் கீழே என்றால் தள்ளுபடி, மேலே என்றால் குறைந்த வட்டி. வட்டியும் தவணைக் காலமும் மாறினால் கோடும் நகரும். எந்தத் தவணைக் கால்குலேட்டரிலும் சில நிமிடத்தில் போட்டுப் பார்க்கலாம்.

'அ' ஷோரூமில் முதல் நாளே கேட்ட கேள்வி ஒன்று இருக்கிறது: "மாசம் எவ்வளவு கட்ட முடியும் சார்?" அக்கறையாகத்தான் ஒலிக்கிறது. பதில் சொன்னால் விலைப் பேச்சு அதோடு முடிந்தது. 9 சதவீதத்தில் 36 கடனை 48 மாதத்தில் அடைக்க மாதம் 0.896 ஆகிறது. ஏறக்குறைய அதே தவணையை 60 மாதம் கட்டினால் 43 கடனை அடைக்கலாம். அதாவது தவணையைத் தொடாமலே, காலத்தை ஒரு வருடம் நீட்டி விலையில் 7-ஐ ஒளித்து வைக்க முடியும். கட்டும் மொத்தம் 43.0-இலிருந்து 53.6 ஆகிவிடும். தவணையில் கட்டப்போகிறவரும் பேரத்தை மொத்த விலையில்தான் பேசவேண்டும். மனைவி அந்தக் கேள்விக்கு "கடன் வங்கியில் முடிவாகிவிட்டது" என்று மட்டும் பதில் சொன்னார்.

கையெழுத்து நாள்

'ஆ' ஷோரூமில் பில் வந்தபோது அதில் ஹேண்ட்லிங் 0.8 மறுபடி முளைத்திருந்தது. நீட்டிக்கப்பட்ட வாரண்டியும் சேர்ந்திருந்தது. எழுத்தில் வந்த கொட்டேஷனை மனைவி மேசையில் வைத்தார். விற்பனையாளர் உள்ளே போய்ப் பேசி இரண்டையும் நீக்கிக்கொண்டு வந்தார். பில் போடும் பிரிவு வேறு, விலை பேசியவர் வேறு. அந்த இளைஞர் பேசிய விலையைக் கடைசிவரை காப்பாற்றினார். விற்பனைக்குப் பிறகு கம்பெனியிலிருந்து கருத்துக் கேட்டு வரும் அழைப்பில் கிடைக்கும் மதிப்பெண் இவர்களின் வருமானத்தைப் பாதிக்கும் என்பதால், அவருக்கு முழு மதிப்பெண் கொடுத்தார்கள். நல்ல காரியம்.

கணக்கு இதோ. முதல் தாளில் 86.5. கடைசியில் 91-இலிருந்து 15.5 போக 75.5. வித்தியாசமான 11-இல் டீலர் தன் விலையில் விட்டது 4.5. வேண்டாத சேர்க்கைகளை நீக்கியது 4. பழைய காரில் 1.5. லாயல்டி போனஸ் 1.

எனக்கு இதில் உறுத்தும் எண் அந்த 1. மற்றவை பேரத்தில் வந்தவை. டீலர் லாபம் பார்ப்பது அவர் தொழில், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் லாயல்டி போனஸ் கம்பெனி இந்தக் குடும்பத்துக்கென்றே ஒதுக்கிய பணம். டீலருக்கு அதில் ஒரு செலவும் இல்லை. கேட்டவருக்கு மட்டும் அது கிடைக்கிறது என்றால், கம்பெனியை நம்பி இரண்டாவது முறை வந்தவர்களில் கேட்கத் தெரியாதவர்கள் எத்தனை பேர் அதை விட்டுவிட்டு வந்திருப்பார்கள்? கம்பெனிகள் நினைத்தால், தகுதியுள்ள எல்லாத் தள்ளுபடியையும் கொட்டேஷனிலேயே அச்சிட வேண்டும் என்று டீலர்களுக்கு விதி வைக்கலாம். அமெரிக்காவில் 1958-இல் செனட்டர் மைக் மன்ரோனி முன்னெடுத்த சட்டம், ஒவ்வொரு புதிய காரின் கண்ணாடியிலும் பட்டியல் விலையை ஒட்டச் செய்தது. அதற்கு முன் அந்த விலையே டீலர் வாயிலிருந்துதான் வந்துகொண்டிருந்தது. விலைக்குச் செய்ய முடிந்ததைத் தள்ளுபடிக்கும் செய்யலாம்.

அந்த 1-ஐ வாங்குவதும் சுலபமாக இருக்கவில்லை. பழைய காரின் பதிவுச் சான்று கணவரின் அம்மா பெயரில் இருந்தது, புதிய காரோ மனைவி பெயரில். ஒரே வீட்டு உறவினர் என்பதற்கு ஆவணம் கொடுத்தால் போதும் என்று கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையில் எழுத்தில் கேட்டு வாங்கினார்கள். பழைய காரின் உரிமை மாறுவதற்கு முன்பே அந்த ஆவணங்கள் போய்ச் சேரவேண்டும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முதலில் பழைய காரை வெளியே விற்றுவிட்டு வந்திருந்தால் போனஸ் கிடைத்திருக்காது. பிறகு தருகிறோம் என்ற பேச்சுக்கு இடம் வைக்காமல், இரண்டு தள்ளுபடியும் பில்லிலேயே கழிந்திருப்பதைப் பார்த்த பிறகுதான் மனைவி மீதிப் பணத்தைக் கட்டினார்.